திருட்டு அலாரம் பேனலை மாட்டுவதும் வயர் இணைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாரம் பேனல்களை மாட்டிக் கொடுப்பதும், மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போனதைச் சரிசெய்வதும் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. தொழில் பழக வருபவர்களும், சொந்த வீட்டுக்குத் தாமே மாட்டிக்கொள்ள நினைப்பவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கூடியவரை அவர்கள் கேட்ட வாக்கியங்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். முனைகளின் பெயர், சுற்றில் மின்தடைக்காக மாட்டும் ரெசிஸ்டரின் மதிப்பு போன்றவை பேனலுக்குப் பேனல் மாறும். அவற்றுக்கு உங்கள் பெட்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

1. திருடனைக் கண்டுபிடிப்பது சென்சார்தானே? பிறகு பேனலுக்கு என்ன வேலை?

சென்சார் வெறும் சுவிட்ச். கதவில் இருப்பது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், சுவர் மூலையில் இருப்பது உடல் வெப்பம் நகர்ந்தால் இயங்கும் சுவிட்ச். அந்த சுவிட்ச் திறந்ததா மூடியதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டு, "இப்போது சைரன் அடிக்கலாமா, அல்லது வீட்டுக்காரர் உள்ளே வந்து எண்ணை அழுத்தக் காத்திருக்கலாமா" என்று முடிவெடுப்பதுதான் பேனல்.

பேனல் எப்படிப் பார்க்கிறது என்பதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனல் தனியாகக் கண்காணிக்கும் ஒரு சென்சாரையோ சில சென்சார்களின் கூட்டத்தையோ ஜோன் என்கிறோம். ஒவ்வொரு ஜோனுக்கும் இரண்டு வயர்கள் போகின்றன. பேனல் அவற்றில் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, "இந்தச் சுற்றில் எத்தனை ஓம்?", அதாவது மின்தடை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. கதவு, ஜன்னல், திருடன் எதுவும் அதற்குத் தெரியாது. ஓம் மட்டுமே தெரியும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வந்தவை.

2. பேனலை வாசல் பக்கத்திலேயே மாட்டினால் வசதியாக இருக்குமே?

வசதி திருடனுக்கு. வாசலில் இருக்க வேண்டியது எண்ணை அழுத்தும் கீபேட் மட்டும். அதை உடைத்தாலும் பேனல் உள்ளே உயிரோடு இருக்கும். பேனல் பெட்டியை வீட்டின் உட்பகுதியில், அதை நெருங்குவதற்கு ஏதாவது ஒரு சென்சாரைக் கடந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் மாட்டுங்கள். அலமாரிக்குள், மாடிப்படிக்கு அடியில், பொருள் வைக்கும் அறையில் மாட்டலாம்.

ஈரமும் வெக்கையும் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு 20, 25 டிகிரி செல்சியஸ்தான் பிடித்த வெப்பநிலை. அதற்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகக் குறையும். கூரைக்கு அடியில் வெயில் கொதிக்கும் பரணில் பேனலை ஒளித்து வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பேட்டரி மாற்ற ஏணி போட்டு ஏறப்போவது அடுத்து வரும் ஆள் என்பதையும்தான்.

3. பிளக் பாயிண்டில் செருகிவிட்டால் மின்சாரம் வந்துவிடாதா?

வரும். யாராவது இஸ்திரிப் பெட்டிக்காக அதைப் பிடுங்கும் வரை வரும். பேனலுக்குத் தனி இணைப்பு, தனி ஃபியூஸ், தவறுதலாக யாரும் அணைக்க முடியாத அமைப்பு இருக்க வேண்டும். பிளக் வடிவ டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் பேனல்களில், அதைச் சுவரோடு பிணைக்கத் திருகுத் துளை இருந்தால் பயன்படுத்துங்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் குறைந்த மின்னழுத்த முனைகளை விளையாட்டாகக்கூட உரசவிடாதீர்கள். பலவற்றில் உள்ளே மாற்ற முடியாத ஃபியூஸ் இருக்கும். ஒரு பொறி பறந்தால் மொத்தமும் குப்பைக்குப் போகும்.

பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வகையில் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே வருகிறது. அந்த இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். எர்த் வயரை உலோகப் பெட்டியோடு கட்டாயம் இணைக்க வேண்டும். மின்சார வயர் ஒரு துளை வழியாகவும் சென்சார் வயர்கள் வேறு துளை வழியாகவும் உள்ளே வரட்டும். சுவருக்குள்ளும் இரண்டையும் ஒட்டி ஓடவிடாமல் ஒரு முழமாவது தள்ளி இழுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

4. எத்தனை கோர் கேபிள் வாங்குவது? இரண்டு கோர் போதும் என்று ஒருவர் சொன்னார்.

கதவுக் காந்தத்துக்கு இரண்டு போதும். ஆனாலும் நான்கு இழுங்கள். நகரும் உருவத்தைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சாருக்கு மின்சாரம் இரண்டு, அலாரம் இரண்டு, மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் டாம்பர் சுவிட்சுக்கு இரண்டு என்று ஆறு வேண்டும். கீபேடுக்கு நான்கு, வெளிச் சைரனுக்கு ஆறு முதல் எட்டு. சுவரைப் பூசி வண்ணமடித்த பிறகு ஒரு கோர் அறுந்துபோனால், மீதமிருக்கும் கோர்தான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

எந்த நிறம் எதற்கு என்று முதல் நாளே முடிவுசெய்து, கடைசி வரை மாற்றாதீர்கள். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்பது எல்லோரும் பின்பற்றும் வழக்கம். மற்றவை உங்கள் விருப்பம். இரண்டு முனைகளிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் பதினாறு கேபிள்களையும் பெட்டிக்குள் இழுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாள் எனக்கும் உண்டு.

5. கதவு மூடியிருக்கும்போது சுவிட்ச் திறந்திருக்குமா, மூடியிருக்குமா? என்.சி., என்.ஓ. என்று எழுதியிருப்பது தலையைச் சுற்றுகிறது.

சுற்றும். என்.சி. என்றால் இயல்பு நிலையில் மூடியிருப்பது, அதாவது மின்சாரம் கடப்பது. என்.ஓ. என்றால் இயல்பு நிலையில் திறந்திருப்பது. குழப்பம் ஏனென்றால், சுவிட்ச் தயாரிப்பவரும் அலாரம் மாட்டுபவரும் "இயல்பு நிலை" என்று வேறு வேறு நிலையைச் சொல்கிறார்கள். சுவிட்ச் தயாரிப்பவருக்கு இயல்பு என்றால் காந்தம் அருகில் இல்லாத நிலை. அலாரம்காரருக்கு இயல்பு என்றால் கதவு மூடி, காந்தம் அருகில் இருக்கும் நிலை. அதனால் ஒரே சுவிட்சை ஒருவர் என்.ஓ. என்பார், இன்னொருவர் என்.சி. என்பார். எழுத்தை நம்பாமல், காந்தத்தை அருகில் வைத்து, ஓம் அளக்கும் மீட்டரில் பாருங்கள். காந்தம் ஒட்டியிருக்கும்போது மின்சாரம் கடந்தால் அதுதான் அலாரத்துக்கான என்.சி.

அலாரத் தொழில் என்.சி.யையே விரும்புவதற்குக் காரணம் எளியது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் சுற்றில் வயரை யாராவது அறுத்தால், அதுவும் கதவு திறந்தது போலவே தெரியும். 1853இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்ற மின்காந்த அலாரத்தில் கதவு திறந்தால் சுற்று மூடும், மணி அடிக்கும். நல்ல யோசனைதான், ஆனால் அந்த முறையில் அறுந்த வயர் வாய் திறக்காது.

6. பேனலோடு ஒரு பொட்டலத்தில் சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள் வந்தன. போடாமலே வேலை செய்கிறதே, எதற்கு அவை?

என்.சி. சுற்றில் வயர் அறுந்தால் பேனலுக்குத் தெரியும். இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி ஷார்ட் செய்தால்? பேனலைப் பொறுத்தவரை சுற்று மூடியே இருக்கிறது. பகலில், வீட்டுக்குள் வந்து போகும் யாரோ ஒருவர் கேபிளின் தோலைச் சுரண்டி இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால், அன்றிரவு கதவு அகலத் திறந்தாலும் சைரன் அடிக்காது. அப்படி யாரும் செய்யாவிட்டாலும், படம் மாட்ட அடித்த ஆணி கேபிளுக்குள் புகுந்து அதே வேலையைச் செய்யும்.

இதைத் தடுக்கத்தான் சுற்றின் கடைசி முனையில் ஒரு ரெசிஸ்டர். 5.6 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம், 1, 2.2, 4.7 கிலோஓம் கேட்கும் பேனல்களும் உண்டு. இப்போது பேனல் எதிர்பார்ப்பது 5,600 ஓம். கதவு திறந்தால் முடிவிலி, ஷார்ட் ஆனால் பூஜ்யம். எதிர்பார்த்த எண் வராவிட்டால் ஏதோ தவறு என்று அதற்குத் தெரிந்துவிடும்.

"போடாமலே வேலை செய்கிறது" என்றால் உங்கள் பேனலின் நிரலில் ரெசிஸ்டர் இல்லாத வகை தேர்வாகியிருக்கிறது என்று பொருள். வேலை செய்கிறது, ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

7. ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே ஜோன் முனையில் மாட்டிவிட்டேன். மீட்டரிலும் சரியான எண் வருகிறது. பரவாயில்லையா?

நான் திறந்து பார்த்த பெட்டிகளில் மிக அதிகமாகக் கண்ட தவறு இதுதான். ஏணியில் ஏறிச் சென்சாரைத் திறக்கச் சோம்பல். பெட்டிக்குள் உட்கார்ந்த இடத்தில் எட்டு ரெசிஸ்டர்களையும் வரிசையாக மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ரெசிஸ்டர் பேனலுக்குள் இருந்தால், வெளியே கேபிள் எங்கே ஷார்ட் ஆனாலும் பேனலுக்குத் தெரிவது அந்த ரெசிஸ்டரின் 5,600 ஓம்தான். அது "எல்லாம் நலம்" என்ற விடை. முந்தைய பதிலில் சொன்ன பாதுகாப்பு முழுவதும் போயிற்று. ரெசிஸ்டர் இருந்தும் இல்லாத நிலை. கடைசி முனை என்றால் கடைசி முனையேதான்: சென்சாரின் உள்ளே, அல்லது காந்த சுவிட்சின் தலைமாட்டில்.

8. இரட்டை ரெசிஸ்டர் முறை என்கிறார்களே, அது இன்னும் எதற்கு?

ஒற்றை ரெசிஸ்டரில் "கதவு திறந்தது", "வயர் அறுந்தது" இரண்டும் ஒரே விடையாக, முடிவிலியாக வரும். பகலில் அலாரம் அணைந்திருக்கும் நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். கதவு பகலில் நூறு முறை திறக்கும், அதில் தப்பில்லை. வயர் ஒருமுறைகூட அறுபடக் கூடாது.

இரட்டை முறையில் ஒரு ரெசிஸ்டரை அலாரம் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே மாட்ட வேண்டும். இன்னொன்று டாம்பர் சுவிட்சோடு வரிசையில். இரண்டும் 5.6 கிலோஓம் என்றால், அமைதி நிலையில் 5,600 ஓம். சென்சார் இயங்கினால் அதன் சுவிட்ச் திறந்து, மின்சாரம் இரண்டு ரெசிஸ்டர்களையும் கடக்க வேண்டியிருப்பதால் 11,200. மூடியைத் திறந்தாலோ வயரை அறுத்தாலோ முடிவிலி. ஷார்ட் செய்தால் பூஜ்யம். இரண்டே வயர்களில் இத்தனை செய்தி! ஆறு கோர் தேவைப்பட்ட பி.ஐ.ஆர். நான்கோடு முடிந்துவிடுகிறது என்பது கூடுதல் லாபம். சில பேனல்கள் இரண்டுக்கும் வேறு வேறு மதிப்புகளைக் கேட்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

9. ஜோன் போதவில்லை. மூன்று ஜன்னல்களை ஒரே ஜோனில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். என்.சி. சுவிட்சுகளை வரிசையாக, ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் படும்படி இணையுங்கள். ரெசிஸ்டர் ஒன்றே, மிகத் தொலைவில் இருக்கும் ஜன்னலில். பி.ஐ.ஆர். சென்சார்களைச் சேர்க்கும்போது அலாரம் வயர்கள் வரிசையாகவும், மின்சார வயர்கள் இணையாகவும் போக வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் மின்சாரத்தையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு இரண்டு சென்சாரும் இறந்துவிட்டதாக முகம் வாடுவார்கள்.

இழப்பு என்னவென்றால், அலாரம் அடித்தால் மூன்றில் எந்த ஜன்னல் என்று தெரியாது. ஒரே அறையின் ஜன்னல்களைச் சேருங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்காதீர்கள்.

10. பி.ஐ.ஆர். சென்சாரை எங்கே, எந்த உயரத்தில் மாட்டுவது? ஜன்னலைப் பார்த்தபடி வைத்தால் வெளியே வருபவனையும் பிடிக்குமா?

பிடிக்காது. மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 9, 10 மைக்ரோமீட்டரை ஒட்டியது. சாதாரணக் கண்ணாடி அதை உள்ளே விடாது. ஆனால் ஜன்னல் வழியாக வரும் வெயில் தரையையும் திரையையும் சூடாக்கும், காற்று திரையை ஆட்டும். சென்சார் பொய்யாக அடிக்கும். ஜன்னலுக்கு முதுகையோ தோளையோ காட்டி வையுங்கள். ஏ.சி. காற்று, ஹீட்டர் நேராகப் படாத மூலை நல்லது.

பெரும்பாலான வகைகளுக்கு உயரம் 2.1 முதல் 2.4 மீட்டர். சென்சாரை நோக்கி நேராக நடப்பவரைவிட, அதன் பார்வையைக் குறுக்கே கடப்பவரை அது விரைவில் உணரும். எனவே ஆள் குறுக்கே நடக்க வேண்டிய மூலையைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு நிமிடமாவது காத்திருங்கள். அது அறையின் வெப்பத்தைப் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும். அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று கழற்றியவர்கள் உண்டு.

பிளஸ், மைனஸ் மட்டும் மாறக் கூடாது. அலாரம் முனைகள் இரண்டும் வெறும் சுவிட்ச் என்பதால், எந்த வயர் எதில் என்ற கவலை இல்லை.

11. கதவில் காந்தமா, சட்டத்தில் காந்தமா?

ஆடுவது காந்தம், அசையாமல் இருப்பது வயர். ஆகவே கதவில் காந்தம், சட்டத்தில் சுவிட்ச். கீல் இல்லாத பக்கத்தில், மேல் மூலையை ஒட்டி மாட்டுங்கள். கீல் பக்கம் மாட்டினால் கதவு நன்றாகத் திறந்த பிறகே காந்தம் விலகும். சுவிட்சின் பெட்டியில் இடைவெளி 20 மில்லிமீட்டர் வரை என்று எழுதியிருந்தால் நீங்கள் 8, 10 வையுங்கள். இரும்புக் கதவு காந்தப் புலத்தைத் திருப்பிக்கொள்வதால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். இரும்புக்கென்றே வரும் பெரிய வகையை வாங்குவது நல்லது.

12. கீபேட் ஒளிர்கிறது, ஆனால் "தொடர்பு இல்லை" என்று காட்டுகிறது. போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. நான்கு வயர்களில் இரண்டு மின்சாரம், இரண்டு தகவல். ஒளிர்வதால் மின்சாரம் சரி. தகவல் வயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும், அல்லது ஒன்று முனைத் திருகுக்கு அடியில் தோலோடு மாட்டியிருக்கும். இரண்டு கீபேட்கள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி எண் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மின்சார வயர்களை மாற்றிக் கொடுப்பதுதான் ஆபத்து. அது கீபேடையே கொன்றுவிடலாம்.

13. வெளிச் சைரன் முனகுகிறது. அதையே பேனலுக்கு அருகில் கொண்டுவந்து இணைத்தால் அலறுகிறது!

குற்றவாளி கேபிள். ஜோனுக்குக் கேபிளின் பருமன் பெரிய விஷயமே அல்ல. 5,600 ஓமைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேனலுக்கு, 100 மீட்டர் மெல்லிய கேபிள் கூட்டும் 16 ஓம் தெரியவே தெரியாது. ஆனால் மின்சாரம் தின்னும் கருவிக்குக் கணக்கே வேறு.

0.22 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். சைரன் 30 மீட்டர் தொலைவில் இருந்தால் போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர்; 4.8 ஓம். சைரன் 400 மில்லிஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.9 வோல்ட் காணாமல் போகிறது. மின்சாரம் நின்று பேட்டரி 12 வோல்ட் தரும்போது சைரனுக்குச் சேருவது 10 வோல்ட்தான். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்டுக்குள் அடங்கும். சுவரை மறுபடி உடைக்க முடியாதென்றால், மீதமிருக்கும் கோர்களைப் பிளஸ்ஸுக்கு இரண்டு, மைனஸுக்கு இரண்டு என்று சேருங்கள், இழப்பு பாதியாகும். நான்காம் பதிலில் கூடுதல் கோர் இழுக்கச் சொன்னதன் இன்னொரு பயன்.

14. சைரனே மாட்டவில்லை. பேனல் ஏன் சைரன் கோளாறு என்று கத்துகிறது?

சைரன் வயர் அறுந்திருக்கிறதா என்று அந்த முனைகளையும் அது ஓம் கணக்கில் பார்க்கிறது. கையேடு சொல்லும் ரெசிஸ்டரை, பல பேனல்களில் 1 கிலோஓம், அங்கே மாட்டினால் அமைதியாகும்.

15. மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

கூட்டிப் பாருங்கள். பேனல் பலகை 100 மில்லிஆம்பியர், இரண்டு கீபேட் தலா 50, ஆறு பி.ஐ.ஆர். தலா 15 என்றால் மொத்தம் 290. வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை 0.29 ஆல் வகுத்தால் 24 மணி நேரம். இது புதிய பேட்டரிக்கு. மூன்று வயதான பேட்டரியிடம் இதில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் குறையும். சைரன் கால் மணி நேரம் அலறினாலும் 0.1 ஆம்பியர்-மணிதான் போகும். பேட்டரியைத் தின்பது அலறல் அல்ல, அமைதியான காத்திருப்பு. ஒப்பீட்டுக்கு, ஐரோப்பியத் தரவிதி இ.என். 50131 முதல் இரண்டு பாதுகாப்பு நிலைகளுக்குக் கேட்பது 12 மணி நேரம்.

பெரிய பேட்டரியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். பேனலின் சார்ஜர் சிறியது. காலியான பெரிய பேட்டரியை நிரப்ப அது நாள்கணக்கில் திணறும். கையேடு சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். மாட்டிய தேதியைப் பேட்டரியின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுங்கள்.

16. எல்லாம் இணைத்தாயிற்று. பேட்டரியை முதலில் மாட்டுவதா, மின்சாரத்தை முதலில் போடுவதா?

கையேடு சொல்லும் வரிசைப்படி. பல பேனல்கள் பேட்டரியால் மட்டும் உயிர்பெறாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய வேலை. மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு ஜோனின் வயர்களையும் முனையில் செருகும் முன்பே மீட்டரால் அளந்து, எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். சென்சார்களுக்குப் பேனல் மின்சாரம் தரும் ஆக்ஸ் முனைகளில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். அந்தத் தாளைப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிட்டால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படும்.

17. வாசல் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் சைரன் அடிக்கிறது. வயரிங் தவறா?

வயரிங்கில் தவறில்லை, நிரலில்தான். வாசல் கதவின் ஜோனுக்கு "தாமதம்" வகை கொடுங்கள். உள்ளே வந்து எண்ணை அழுத்த 30 விநாடி போதும். ஜன்னல்களுக்கு "உடனடி". வாசலிலிருந்து கீபேட் வரை உள்ள நடையில் பி.ஐ.ஆர். இருந்தால் அதற்கு "பின்தொடரும்" வகை: வாசல் வழியாக வந்தால் அதுவும் காத்திருக்கும், வேறு வழியில் வந்தவன் அதன் முன்னால் நின்றால் உடனே அடிக்கும். பலரும் இந்த மூன்றாவதை மறந்துவிட்டு வயரைக் குறை சொல்கிறார்கள். டாம்பர், அவசரப் பொத்தான் ஆகியவை, அலாரம் அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் 24 மணி நேர வகையில் இருக்க வேண்டும்.

18. நள்ளிரவில் காரணமில்லாமல் அடிக்கிறது. பேனலை மாற்றிவிடலாமா?

பேனலை மாற்றுவது கடைசி யோசனையாக இருக்கட்டும். முதலில் பேனலின் நிகழ்வுப் பதிவைத் திறந்து எந்த ஜோன், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மணி ஒரு பெரிய துப்பு. ஏ.சி. தானாக ஓடத் தொடங்கும் நேரமா? பூனை உலவும் நேரமா? சென்சாரின் கண்ணாடி போன்ற வில்லையின் மேல் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா?

நானே ஏமாந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலாரம் மதியம் இரண்டு மணியை ஒட்டி மட்டும், அதுவும் வெயில் நாட்களில் மட்டும் அடித்தது. காந்த சுவிட்சை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். பேனலையே சந்தேகித்தேன். கடைசியில் அது இரும்புக் கதவு. வெயிலில் விரிந்து வளைந்து, காந்தத்தை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக்கொண்டிருந்தது. காலையில் நான் போய் அளக்கும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது! பதினோராம் பதிலில் இடைவெளியைப் பாதியாக வைக்கச் சொன்னது அந்தக் கதவு கற்றுக்கொடுத்தது.

வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும் இப்படித்தான். செம்பு கறுத்து, ஓம் மெல்ல ஏறி, ஒரு நாள் பேனலின் எல்லையைத் தாண்டும். பற்றவையுங்கள், அல்லது முனைப் பெட்டி போடுங்கள்.

19. கதவு மூடித்தான் இருக்கிறது. ஜோன் "திறந்திருக்கிறது" என்கிறது. எங்கே தேடுவது?

பேனலின் முனையிலிருந்து அந்த ஜோனின் இரண்டு வயர்களையும் கழற்றி, வயர்களை மட்டும் அளங்கள். கழற்றாமல் அளந்தால் பேனலின் சொந்த மின்சாரம் மீட்டரைக் குழப்பும். 5,600 ஓமுக்கு அருகில் வந்தால் வெளியே எல்லாம் சரி. முனைத் திருகையும், நிரலில் தேர்ந்தெடுத்த ரெசிஸ்டர் வகையையும் பாருங்கள். முடிவிலி என்றால் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது சுவிட்ச் திறந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் ஷார்ட். எண் ஆடிக்கொண்டே இருந்தால் தளர்ந்த இணைப்பு.

அறுந்த இடத்தைத் தேட முனையிலிருந்து ஒவ்வோர் அடியாக நடக்க வேண்டாம். சுற்றின் நடுவில் இருக்கும் இணைப்பைத் திறந்து, பேனல் பக்கம், சென்சார் பக்கம் என்று தனித்தனியாக அளங்கள். பழுது எந்தப் பாதியில் என்று தெரியும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். மூன்று நான்கு அளவில் பிடிபட்டுவிடும்.

20. ஆக்ஸ் மின்சாரம் போதாமல் தனி பவர் சப்ளை வாங்கினேன். அதில் இணைத்த கீபேட் மட்டும் பேனலோடு பேச மறுக்கிறது.

இரண்டு பவர் சப்ளைகளின் மைனஸ் முனைகளையும் ஒரு வயரால் இணைத்தீர்களா? தகவல் வயரில் போகும் குறி என்பது மைனஸோடு ஒப்பிட்ட மின்னழுத்தம். ஒப்பிடப் பொதுவான அடித்தளம் இல்லாவிட்டால் கீபேடுக்கு அது பொருளற்ற இரைச்சல். மைனஸ்களை மட்டும் இணையுங்கள். பிளஸ்களை ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒன்று மற்றொன்றுக்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

அந்தப் புதிய சப்ளைக்கும் தனி பேட்டரி வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போன நிமிடத்தில் பாதி அலாரம் தூங்கிவிடும்.

21. அலாரம் அடித்தால் வெளி விளக்கும் எரிய வேண்டும். பி.ஜி.எம். முனையில் நேராக இணைக்கலாமா?

கூடாது. பி.ஜி.எம். என்பது நிரலில் சொன்னபடி பேனல் இயக்கும் வெளியீட்டு முனை. பல பேனல்களில் அது 50 மில்லிஆம்பியர் அளவுக்கே தாங்கும். பெரும்பாலும் மைனஸைத்தான் திறந்து மூடும். ரிலே என்பது ஒரு சுருளில் ஓடும் சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். ஒரு 12 வோல்ட் ரிலேயின் சுருளை ஆக்ஸ் பிளஸ்ஸுக்கும் பி.ஜி.எம்.முக்கும் இடையே மாட்டி, விளக்கின் மின்சாரத்தை ரிலேயின் சுவிட்ச் கையாளட்டும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ரிலே அணையும் கணத்தில் சுருள் எதிர்த்து உதைக்கும் மின்னழுத்தத்தை அது விழுங்கிவிடும். டையோடு இல்லாத ரிலே பேனலின் டிரான்சிஸ்டரை ஒரு நாள் கொன்றுவிடும். விளக்குப் பக்க இணைப்புக்கு மூன்றாம் பதிலில் சொன்ன எலக்ட்ரீஷியன்.

22. பழைய பேனலைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினேன். வயர்கள் அதே பழையவை. எல்லா ஜோனும் கோளாறு காட்டுகின்றன. வயர் எல்லாம் கெட்டுவிட்டதா?

எல்லாம் ஒரே நாளில் கெடாது. சுவருக்குள்ளும் சென்சார்களுக்குள்ளும் பழைய பேனலுக்கான ரெசிஸ்டர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. பழையது 4.7 கிலோஓம் கேட்டிருக்கும், புதியது 2.2 கேட்கும். ஒவ்வொரு ஜோனின் வயர்களையும் கழற்றி அளந்தால் மீட்டர் அந்தப் பழைய எண்ணை அப்படியே சொல்லும். சில புதிய பேனல்களின் நிரலில் ரெசிஸ்டர் மதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்; முதலில் அதைத் தேடுங்கள், ஏணி மிச்சம். இல்லையென்றால் ஒவ்வொரு சென்சாராகத் திறந்து மாற்ற வேண்டியதுதான்.

சில ஜோன்களில் மட்டும் எண் ஏறக்குறைய பூஜ்யமாக வந்து, கதவைத் திறந்தால் முடிவிலிக்குப் போனால், முன்பு மாட்டியவர் ரெசிஸ்டரைப் பேனலுக்குள் வைத்திருந்தார் என்று புரிந்துகொள்ளுங்கள். குப்பையில் போட்ட பழைய பலகையை எடுத்து முனைகளைப் பாருங்கள். அங்கேதான் இருக்கும்.